பெட்டி பழையது, கட்டை புதியது

அழகர்கோயில் மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு, வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கி, மூன்றுமாவடியில் எதிர்சேவை ஏற்று, தல்லாகுளத்தில் இரவைக் கழித்து, சித்திரா பௌர்ணமியின் விடியலில் கள்ளழகர் வையையாற்றில் இறங்கும் வரையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையெங்கும், வேட்டுச் சத்தத்துக்கும் கோவிந்த நாமத்துக்கும் நடுவே, கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டியை வாயருகே பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும் காவலர்களைக் காணாத மதுரைவாசி இருக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில், என்னருகே நின்ற காவலர் ஒருவர் பேச்சை நடுவில் நிறுத்தி, பெட்டியின் அடிப்பாகத்தைக் கழற்றி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, அதே பையிலிருந்து எடுத்த மற்றொன்றைப் பொருத்தி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்ததைக் கண்டேன். வானலைகளின் அற்புதத்தைப் புத்தகங்களில் நிரம்பப் படித்திருந்த நான், அந்த அற்புதம் முழுவதும் உள்ளங்கையளவான ஒரு மின்கல அடுக்கின் தயவில் நடைபெறுகிறது என்பதைப் பிரத்தியட்சமாக உணர்ந்தது அன்றுதான்.

பின்னர் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று, புதிய கருவி வாங்க வசதியில்லாத காரணத்தால் பழைய கருவிகளையே தேடித் தேடிச் சேர்த்தபோது, அந்த உணர்வு வேறொரு வடிவத்தில் என்னைத் தொடர்ந்தது. ஒழுங்காகச் செய்யப்பட்ட கைவானொலியின் டிரான்சிஸ்டர்களும் சுருள்களும் படிகங்களும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பழுதின்றி வேலை செய்கின்றன. ஆனால், அவற்றுக்கு உயிரூட்டும் மின்கலமோ ஐந்தாறு ஆண்டுகளில் மூப்படைந்து, பத்தாம் ஆண்டில் வெண்ணிற உப்புப் பூத்துக் கிடக்கிறது. தேகம் திடமாக இருக்கையில் மூச்சு மட்டும் நின்றுபோன இந்த நிலையைப் போக்குவதற்காகவே, பெட்டியைப் பிளந்து உள்ளிருக்கும் கலங்களை நீக்கிப் புதியவற்றைப் பொருத்தும் வழக்கம் தோன்றியது. நம் பக்கத்தில் அதனைக் ‘கட்டை மாற்றுதல்’ என்பர். அவ்வழக்கத்தின் குணத்தையும் குற்றத்தையும், இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் அதில் ஈடுபட்டவன் என்னும் உரிமையோடு, இங்கே ஆராய முற்படுகிறேன்.

கைவானொலியின் வரலாறே ஒரு வகையில் மின்கலத்தின் வரலாறுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை வீரர்கள் கையில் ஏந்திய எஸ்சிஆர்-536 என்னும் கருவி, ஐந்து வால்வுகளைக் கொண்டு, ஏறக்குறைய 5 பவுண்டு எடையுடன் அமைந்தது. பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் மாறிய கால்வின் நிறுவனம் அதனைச் செய்தது. அதன் வால்வுகளின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட் கலம் ஒன்றும், தகட்டுக்கு 103.5 வோல்ட் அடுக்கு ஒன்றும் வேண்டியிருந்தன. இவ்விரண்டும் மின்னேற்ற இயலாத உலர்கலங்கள், தீர்ந்தால் எறிந்துவிடவேண்டியவை. இன்று அக்கருவியை உயிர்ப்பிக்க விரும்புகிறவர்கள் ஒன்பது வோல்ட் சதுரக் கலங்களைப் பதினொன்றோ பன்னிரண்டோ ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அந்த உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். டிரான்சிஸ்டர் வந்தபின் நூறு வோல்ட்டின் அவசியம் ஒழிந்து, அதனினும் மிகக் குறைந்த மின்னழுத்தமே போதுமென்றானது. சுவீடன் நாட்டு வால்டமர் யுங்னர் 1899-இல் கண்டறிந்ததும், 1947-இல் கசிவின்றி மூடிமுத்திரையிடும் முறை கைவந்ததுமான நிக்கல்–காட்மியம் கலம், கைவானொலியின் அடிப்பாகத்தில் குடிபுகுந்து நாற்பது ஆண்டுகள் அரசோச்சியது.

இப்பொதுக் கதையை விட்டு, அமெச்சூர்கள் பெரிதும் விரும்பிய ஒரு கருவியை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவுக்கு உதவும். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஐகாம் நிறுவனம் வெளியிட்ட ஐசி-2ஏடி, கட்டைவிரலால் உருட்டும் எண்சக்கரங்களால் அலைவரிசையைத் தேர்ந்துகொள்ளும் எளிய இயந்திரம். அதன் அடியில் வழுக்கிப் பொருந்தும் பிபி-3 என்னும் அடுக்கில் ஏழு நிக்கல்–காட்மியம் கலங்கள் இருந்தன, கலத்துக்கு 1.2 வோல்ட்டாக மொத்தம் 8.4 வோல்ட், கொள்ளளவு 250 மில்லி ஆம்பியர்-மணி. சுவரில் செருகும் சிறு சார்ஜர், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கான மின்னோட்டத்தை, அதாவது 25 மில்லி ஆம்பியரை, பதினைந்து மணி நேரம் செலுத்தினால் அடுக்கு நிரம்பிவிடும். அச்சார்ஜருக்கு அறிவு ஏதும் கிடையாது. எப்போது நிரம்பியது என்று அது பார்ப்பதில்லை. பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. ஏனெனில், அவ்வளவு சிறிய மின்னோட்டத்தை நிரம்பிய பின்னும் சில மணி நேரம் தாங்கி, மிகுந்ததை வெப்பமாக வெளியேற்றிவிடும் பொறுமை நிக்கல்–காட்மியத்துக்கு இருந்தது. ஆகவே, சார்ஜரும் கலமும் பெட்டியும் ஒருவர் மனத்தில் ஒன்றாகப் பிறந்த ஒரே சிருஷ்டி. கட்டை மாற்றுகிறவர் இவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றவை பழையபடியே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதில்தான் இவ்வழக்கத்தின் குற்றங்களில் பெரும்பாலானவை முளைக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

முதலில் குணத்தைச் சொல்லவேண்டும். தொழிற்சாலை கைவிட்ட ஒரு பொருளுக்குக் கைவினைஞன் மீண்டும் ஆயுள் அளிப்பது சாமானியமான காரியம் அன்று. பிபி-3 போன்ற பெட்டிகளை விளிம்பிலேயே உருக்கி ஒட்டியிருப்பார்கள், திருகாணி கிடையாது. ரம்பத் தகட்டின் பல்லை மட்டும் பயன்படுத்தி, இணைப்புக் கோட்டைச் சுற்றிப் பொறுமையாக அறுத்து, கசிந்த காரத்தைக் காடியால் துடைத்து, பித்தளைத் தொடுமுனைகளின் களிம்பை உரசி நீக்கி, அதே பருமனுள்ள நிக்கல்–ஹைட்ரைடு கலங்கள் ஏழினை உள்ளே அடுக்கி மூடிவிட்டால், காட்மியத்தைவிட ஒன்றரை மடங்கு, சிலவேளை இரண்டு மடங்கு கொள்ளளவு அதே இடத்தில் அமைந்துவிடுகிறது. செலவு சில நூறு ரூபாய். புதிய கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இது எத்துணைச் சிறிது என்பதை விளக்கவேண்டியதில்லை. இந்தியாவில் உரிமம் பெற்ற மாணவர்கள் பலருக்கு, இவ்வாறு மீட்கப்பட்ட கருவியே முதற்கருவியாக வாய்க்கிறது என்பதையும் நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஆனால், இந்த வெற்றியின் மறுநாளே முதல் ஏமாற்றம் வந்து நிற்கிறது. 500 மில்லி ஆம்பியர்-மணிக் கலங்களைப் பொருத்தியவர், வழக்கம்போல் இரவில் செருகிக் காலையில் எடுக்கிறார். பழைய சார்ஜர் அந்தப் பதினைந்து மணி நேரத்தில் உள்ளே செலுத்தியது 375. வெப்பமாகக் கழிந்தது போக நின்றது ஏறக்குறைய 250. பழைய அடுக்கு புதிதாக இருந்தபோது எவ்வளவு நேரம் உழைத்ததோ அவ்வளவு நேரமே இதுவும் உழைக்கிறது. “புதுக் கட்டையும் ஏமாத்துக் கட்டைதான்” என்று கடைக்காரரைக் கடிந்துகொண்ட நண்பர்களை நான் அறிவேன். கலத்தின் மேல் குற்றமில்லை. முப்பது மணி நேரம் வேண்டிய இடத்தில் பதினைந்தே கொடுத்ததுதான் குற்றம். பொறுமை உடையவருக்கு இது ஆபத்தில்லாத பிழை. பொறுமையற்றவர் வேகமான சார்ஜரை நாடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

வேகமாக மின்னேற்றும் மேசைத் தாங்கிகளுக்கென்று அமைந்த அடுக்குகளில், கலங்களோடு கலமாக ஒரு வெப்ப உணரி மறைந்திருக்கும். கலம் நிரம்பியதும் சூடேறும், சூட்டை உணரி அறிவிக்கும், தாங்கி மின்னோட்டத்தைத் துண்டிக்கும். இதுவே அதன் யுக்தி. மீனாட்சி பஜாரை ஒட்டிய சந்துகளில் பழுது பார்ப்போர் சிலர், ஒரு காலத்தில் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களுள் ஒருவரிடம் ஓர் அடுக்கைக் கொடுத்து வாங்கியபோது, மூன்று தொடுமுனைகளில் ஒன்று செயலற்றிருப்பதைக் கண்டு கேட்டேன்.

“அண்ணே, உள்ள மொளகு மாதிரி ஒண்ணு கெடந்துச்சு. அது இல்லாமலும் ஏறுது. இடம் பத்தல, எடுத்துட்டேன்” என்றார்.

“அதுதாம்ப்பா சூட்டைப் பார்த்து நிறுத்துறது” என்றேன்.

“அப்டியாண்ணே? சொல்லியிருந்தா அதையும் வச்சு மூடியிருப்பேனே” என்று அவர் வருந்திய வருத்தத்தில் துளியும் பொய்யில்லை. கைத்திறன் மிக்க அவருக்கு, அந்த மிளகு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய வரைபடங்களை நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கொடுத்ததும் அபூர்வம். ஆகவே, அக்குற்றத்தை அவர் தலையில் சுமத்த என் மனம் இசையவில்லை. எனினும், விளைவு விளைவுதான்: உணரி இல்லாத அடுக்கு, வேகத் தாங்கியில் நிரம்பிய பின்னும் கொதித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் அங்கே சகஜம். கலத்தின் தலையில் நேராக ஈயம் வைத்துப் பற்றவைப்பதால் உள்ளேயுள்ள முத்திரை வளையம் இளகி, ஆறு மாதத்தில் கசியத் தொடங்குகிறது. நிக்கல் பட்டையைப் புள்ளிப் பற்றுவைப்பால் முன்கூட்டியே ஒட்டிய கலங்களை வாங்கிப் பட்டையின் நுனியில் மட்டும் ஈயம் வைப்பதே முறை.

சூட்டைப் பற்றிப் பேசுகையில், மதுரையின் வெயிலைப் பேசாமல் இருக்க இயலாது. குளிர்ந்த தேசங்களில் எழுதப்பட்ட கையேடுகள் 20 பாகை, 25 பாகை வெப்பத்தை மனத்திற்கொண்டே பதினைந்து மணி என்கின்றன. சித்திரை வைகாசியில் நம் நகரில் நிழலிலேயே 40 பாகை ஏறும். தகரக் கூரைக்கு அடியிலோ நிறுத்திய ஜீப்பின் உள்ளேயோ அதனினும் மிகும். நிக்கல் இனக் கலங்கள் 45 பாகைக்கு மேல் மின்னை ஏற்கவே தயங்குகின்றன. கொடுத்ததில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அவ்வெப்பம் மேலும் ஏற்பைக் குறைக்கிறது. ஏற்றிய கலம் சும்மா இருக்கையில் தானாகவே தேயும் வேகமும், ஒவ்வொரு பத்துப் பாகை ஏற்றத்துக்கும் ஏறக்குறைய இருமடங்காகிறது. நன்றாக ஏற்றிப் பெட்டியில் வைத்த கட்டை பதினைந்து நாளில் மெலிந்துவிட்டதென்றால், அதனைப் போலியென்று தள்ளுமுன், அது எந்த அலமாரியில், எந்த மாதத்தில் இருந்தது என்று கேட்பது நியாயம். நான் கோடையில் பின்னிரவு இரண்டு மணிக்குமேல் விடியும் வரையிலேயே மின்னேற்றுகிறேன். தரையில், சிமெண்டுத் தளத்தின் மேல், பெட்டியைத் திறந்து வைத்து.

அடுத்து, மிகப் பரவலான ஒரு சம்பிரதாயம். ‘முழுவதும் இறக்கிவிட்டுப் பிறகு ஏற்று, இல்லையேல் கட்டைக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்’ என்று வானொலியாளர்கள் பலரும் சொல்லக் கேட்கிறோம். இந்த ‘ஞாபகம்’ முற்றிலும் கற்பனையன்று; செயற்கைக்கோள்களில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு இறங்கி ஒரே அளவு ஏறிய நிக்கல்–காட்மியம் கலங்களில் அது காணப்பட்டது. ஆனால், கையில் பிடித்துப் பேசுகிறவனின் உபயோகம் நாளுக்கு நாள் மாறுபடுவதால், அத்தகைய துல்லியம் அங்கே ஏற்படுவதில்லை. நம்மவர் ஞாபகம் என்று கருதுவது பெரும்பாலும், நாள் கணக்கில் தாங்கியிலேயே விட்டுவைத்ததால் நேர்ந்த மின்னழுத்தத் தாழ்ச்சி. ஆண்டுக்கு இரண்டொரு முறை நிதானமாக இறக்கி ஏற்றினால் அது ஓரளவு நீங்கும் என்பதால், சம்பிரதாயத்தில் ஓர் உண்மைத் துளி உண்டு. கேடு எங்கேயெனில், டார்ச் பல்பை மாட்டி, வெளிச்சம் முற்றாக அணையும் வரை இராமுழுதும் விட்டுவைப்பதில்தான். ஏழு கலங்களும் ஒரே வலிமை உடையனவல்ல. மிக நலிந்தது முதலில் காலியாகிறது. எஞ்சிய ஆறும் தம் மின்னோட்டத்தை அதனூடே எதிர்த்திசையில் தள்ளுகின்றன. நலிந்தது வாயுவைக் கக்கி, உள்ளீரம் வற்றி, நிரந்தரமாக மாள்கிறது. கலத்துக்கு ஒரு வோல்ட், ஏழுக்கு ஏழு வோல்ட் என்ற எல்லையில் நிறுத்திவிட்டால் இந்த விபரீதம் இல்லை. மல்டிமீட்டர் ஒன்றும் கடிகாரம் ஒன்றும் வைத்திருப்பவர் எவரும் செய்யக்கூடியது இது. ஆயினும், செய்பவர் குறைவு.

இனி, இவ்வழக்கத்தின் இன்றைய மோகமான லித்தியத்துக்கு வருகிறேன். சோனி நிறுவனம் 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்ததும், 2019-இல் குட்இனஃப், விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசைத் தேடித் தந்ததுமான இக்கலம், எடைக்கு எடை நிக்கலைப் பன்மடங்கு விஞ்சுகிறது என்பதில் ஐயமில்லை. கலம் ஒன்று 3.7 வோல்ட்; இரண்டைக் கோத்தால் 7.4. பழைய கைவானொலிகளில் ஆறு நிக்கல் கலங்கள் கொண்ட 7.2 வோல்ட் அடுக்கு மிகச் சாதாரணம். பெயர்ப்பலகையில் 7.2-க்கும் 7.4-க்கும் உள்ள வேறுபாடு அற்பமாகத் தோன்றுவதே இதிலுள்ள பெரிய கண்ணி. அக்கண்ணியில் நானே விழுந்தேன். கைவிடப்பட்ட கைபேசிகளின் தட்டைக் கலங்கள் இரண்டை அத்தகைய பெட்டி ஒன்றில் அடக்கி, வெப்ப உணரியின் இடத்தில் ஒரு மின்தடையை வைத்துத் தாங்கியை ஏமாற்றி, வானொலி முன்னெப்போதையும்விடத் தெளிவாகப் பேசக் கேட்டு மகிழ்ந்து, மறுநாள் காலை பழைய வேகத் தாங்கியிலேயே அதனைப் பொருத்திவிட்டு உணவருந்தச் சென்றேன். திரும்பி வந்தபோது அறை முழுவதும் இனிப்பும் காரமும் கலந்ததோர் அந்நிய மணம். பெட்டியின் பக்கங்கள் கர்ப்பம் தரித்ததுபோல் புடைத்திருந்தன. செருகியைப் பிடுங்கி, இடுக்கியால் பெட்டியைத் தூக்கி, முற்றத்து மணலில் வைத்துவிட்டு வெகுநேரம் தூரத்தில் நின்றேன். பக்கத்து அறையில் என் தந்தையார் உறங்கிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். இரண்டு லித்தியம் கலங்களின் உச்சவரம்பு 8.4 வோல்ட், அதற்குமேல் ஒரு சிறு பின்னமும் ஏற்றலாகாது. ஆறு நிக்கல் கலங்களோ நிரம்பும் தறுவாயில் 8.7 வோல்ட்டையும் தாண்டும். ஆதலின் அவற்றுக்கென அமைந்த தாங்கி 8.4-இல் நிற்க அறியாது. அது சூட்டை எதிர்நோக்கி நிற்கும். லித்தியமோ அபாயத்தின் வாயிலை அடையும் வரை சூடு காட்டாது. நிக்கலின் மொழியில் கேட்கும் சார்ஜருக்கு லித்தியத்தின் விடை புரிவதில்லை. லித்தியம் வேண்டுமானால், கலங்களோடு பாதுகாப்புப் பலகையும் உள்ளே இருக்கவேண்டும். பழைய தொடுமுனைகளை உள்ளேயே துண்டித்து, பழைய தாங்கியில் வைத்தாலும் ஏறாதபடி செய்துவிடவேண்டும். லித்தியத்துக்குரிய சார்ஜர் வேறு வழியாகச் செல்லவேண்டும். பாதுகாப்புப் பலகை மட்டும் போதுமென்று சிலர் வாதிப்பர். அது இறுதிக் காவலே ஒழிய, நாள்தோறும் தட்டித் திறக்கும் கதவாக அமைந்ததன்று. கலத்தின் மேல் அச்சிட்ட எண்ணையும் நம்புதற்கில்லை: விரல்போன்ற 18650 வகையில் உலகின் சிறந்த நிறுவனங்களே 3,500-ஐ ஒட்டி நிற்க, 9,800 என்று பொறித்தவை சந்தையில் தாராளமாக விற்கின்றன. அத்தகைய எண்ணே அதனை வாங்காதிருக்கப் போதுமான பிரமாணம்.

இத்தனைக்கும் நடுவே, யாரும் பெரிதாகப் போற்றாத ஒரு சிறு பொருள், இவ்வழக்கத்தின் மிகச் சிறந்த விடையாக எனக்குத் தோன்றுகிறது: வெற்றுக் கலப்பெட்டி. ஐசி-2ஏடிக்கே பிபி-4 என்ற பெயரில், ஆறு பென்சில் கட்டைகளைச் செருகிக்கொள்ளும் கூடு ஒன்று இருந்தது. பிளக்கவேண்டாம், ஒட்டவேண்டாம், ஈயம் வைக்கவேண்டாம். தானாகத் தேய்வது மிகக் குறைவான நிக்கல்–ஹைட்ரைடு கலங்கள் 2005 முதல் கிடைக்கின்றன. அவற்றுள் ஆறினைச் செருகினால் 7.2 வோல்ட், பேசும் வலிமை சற்றே குறையும், காலமோ பன்மடங்கு நீளும். மின்னேற்றம் கருவிக்கு வெளியே, ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே சோதிக்கும் நல்ல சார்ஜரில் நடைபெறும். நலிந்த கலம் எதுவென்று அப்போதே தெரிந்துவிடும். பெட்டிக்கும் சார்ஜருக்கும் இருந்த பழைய பந்தத்தை முறித்துவிடுவதால், நான் மேலே சொன்ன குற்றங்களில் பல இங்கே பிறப்பதற்கே இடமில்லை. குறையும் உண்டு. சுருள்வில் தொடுமுனைகள் எளிதில் களிம்பேறும். கருவி தடித்துக் கனக்கும். அக்கூடே இப்போது அரும்பொருளாகிவிட்டது. கூடு கிடைக்காதவருக்குக் கட்டை மாற்றுதலைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அக்கூட்டின் அருமை மின்சாரம் அற்றுப்போகும் காலத்தில்தான் விளங்கும். 2004 டிசம்பரில், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்த குழு, 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்து தீவுகளின் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியதை நாடறியும். 2018 நவம்பரில் கஜா புயல் நம் கீழ்த்திசையிலுள்ள டெல்டா மாவட்டங்களைக் கலைத்துப்போட்டபோது, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய இருளில், மின்னேற்றியே தீரவேண்டிய அடுக்கு, எத்துணைச் சிறந்ததாயினும், ஒருநாள் விருந்தாளி. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் எவரெடியும் நிப்போவும் ஏற்கும் கூடோ, அங்கேயே தங்கிவிடும் உறவினர். இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: விலை மலிந்த துத்தநாக–கரிக் கட்டைகள் பேசும் பொத்தானை அழுத்திய கணத்தில் மின்னழுத்தம் சரிந்து தள்ளாடும், அவற்றைக் கேட்பதற்கும், குறைந்த வலிமையில் பேசுவதற்கும் மட்டும் கொள்ளவேண்டும். ஆல்கலைன் கட்டைகளுக்கு அந்தத் தளர்ச்சி இல்லை.

எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்விக்கு, கலத்தைவிடப் பேசுகிறவரின் சுபாவமே விடை சொல்கிறது. ஐசி-2ஏடி போன்ற கருவி சும்மா காத்திருக்கையில் ஏறத்தாழ 20, கேட்கையில் 130, பேசுகையில் 550 மில்லி ஆம்பியர் உண்ணும் என்று வைத்துக்கொள்வோம். நூறு நிமிடத்தில் தொண்ணூறு காத்திருந்து, ஐந்து கேட்டு, ஐந்து பேசினால் சராசரி 52. அசல் 250 அடுக்கு ஐந்து மணிக்குச் சற்றே குறையத் தாங்கும். எதிர்சேவை இரவு போன்றதொரு சந்தடியில் அறுபது காத்திருந்து, முப்பது கேட்டு, பத்துப் பேசினால் சராசரி 106. அதே அடுக்கு இரண்டரை மணிக்குள் மூர்ச்சையாகும். கொள்ளளவை இரட்டிப்பாக்கக் கலத்தைத் தேடி அலைகிறவர், பேச்சைப் பாதியாக்கினால் செலவின்றியே அப்பயனில் மூன்றில் ஒரு பங்கை எய்திவிடலாம். தல்லாகுளத்தில் நான் கண்ட காவலரின் இடுப்பில் இருந்த இரண்டாவது கட்டையின் தத்துவமும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

கடைசியாக, கட்டை மாற்றுகிறவர்கள் பேசவே விரும்பாத ஒன்று: நீக்கிய கலங்கள் எங்கே போகின்றன? நிக்கல்–காட்மியம் கலத்தின் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு காட்மியம். ஜப்பானின் தொயாமா மாகாணத்தில், சுரங்கத்திலிருந்து ஜின்சு ஆற்றில் இறங்கிய காட்மியம், ஆற்று நீர் பாய்ந்த நெல்வயல்களில் படிந்து, சோற்றின் வழியே மக்களின் எலும்புக்குள் புகுந்து, அவர்கள் வேதனையால் கதறிய கதறலையே பெயராகக் கொண்ட ‘இத்தாய்-இத்தாய்’ நோயை விளைத்தது. 1968-இல் ஜப்பானிய அரசு அதன் காரணத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது. ஆறு, வாய்க்கால், நெல்வயல், சோறு என்னும் இந்த வரிசையைப் படிக்கும்போது, 1895-இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் வையை வழியே வந்து பாயும் சோழவந்தானும் வாடிப்பட்டியும் மேலூரும் என் கண்முன் நிற்கின்றன. சுரங்கத்தின் கழிவும் ஒரு கைப்பிடிக் கலமும் அளவில் மலையும் மடுவுமே; ஆனால் மண்ணுக்குள் போன காட்மியம் மண்ணைவிட்டுப் போவதில்லை. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு விதிகள் ஈய–அமில மின்கலங்களை மட்டுமே கருதின. 2022-இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைகளையும் தழுவி, திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தன. இது பெரிய முன்னேற்றம். எனினும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் பிறந்து, உறவினர் பெட்டியில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் அடுக்குக்கு உற்பத்தியாளர் என்று யாரைச் சுட்டுவது? நான் விசாரித்த பழைய இரும்புக் கடைகளில் ஈயத்துக்கு எடைபோட்டார்கள். நிக்கல் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது குப்பைக்குத்தான் சார்’ என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

என் அலமாரியின் அடித்தட்டில், மூடி இறுகிய கண்ணாடிச் சீசா ஒன்றில், முனைகளில் ஒட்டுநாடா சுற்றிய அறுபத்து மூன்று கலங்கள் இருக்கின்றன. ஒன்பது பிபி-3 பெட்டிகளிலிருந்து எடுத்தவை. சீசாவின் மேல் சிவப்பு மையில் ‘காட்மியம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வீட்டில் பிறர் எவரும் அதனைத் தொடுவதில்லை.